யார் நாக்கை நம்புவது?

டயர் கம்பெனிக்கும் சாப்பாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். 1900-ல் பிரான்ஸின் மிஷ்லின் டயர் கம்பெனி, கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டிப் புத்தகத்தை இலவசமாகக் கொடுத்தது. நிறைய ஊர் சுற்றினால்தானே டயர் தேயும்! 1926-ல் அதில் நல்ல ஓட்டல்களுக்கு ஸ்டார் போட ஆரம்பித்தார்கள். கம்பெனி ஆசாமிகள் அடையாளம் காட்டாமல் வந்து, காசு கொடுத்துச் சாப்பிட்டு, மார்க் போடுவார்கள். ஒரு ஸ்டார் குறைந்தால் பெரிய பெரிய சமையல்காரர்களுக்கே தூக்கம் போய்விடும்.

இது நிபுணர் கட்சி. இதற்கு எதிர்க்கட்சி 1979-ல் நியூயார்க்கில் கிளம்பியது. டிம், நினா ஸகாட் என்ற வக்கீல் தம்பதி, நண்பர்களிடம் சாப்பாடு, அலங்காரம், உபசரிப்பு என்று தனித்தனியாக மார்க் வாங்கித் தொகுத்தார்கள். முப்பதுக்கு எத்தனை என்கிற கணக்கு. புத்தகம் சக்கைப்போடு போட்டது. இப்போது உங்கள் செல்போனில் மின்னும் ஸ்டார்களுக்கு அதுதான் பாட்டி.

யார் சொல்வது சரி? தீர்ப்புக்கு முன் இரண்டு சம்பவங்கள்.

ரூத் ரெய்ஷல், நியூயார்க் டைம்ஸின் உணவு விமர்சகராக இருந்தவர். 1993-ல் 'லெ சிர்க்' என்ற பிரபல ரெஸ்டாரண்டுக்கு விக் வைத்துக்கொண்டு, யாரோ ஒரு அம்மாள் மாதிரி போனார். காத்திருக்க வைத்து, சுமாரான ஓர் இடத்தில் உட்கார வைத்தார்கள். அப்புறம் சொந்த முகத்தோடு போனார். ராஜ உபசாரம்! தட்டில் வந்த ராஸ்ப்பெர்ரி பழங்கள்கூடப் பெரிசாகிவிட்டன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதினார். நாலு ஸ்டார், மூன்றானது.

அடுத்தது லண்டன், 2017. ஊபா பட்லர் என்ற இளைஞர், தான் குடியிருந்த தோட்டத்து ஷெட்டை 'ரெஸ்டாரண்ட்' என்று டிரிப் அட்வைசரில் பதிந்தார். ஷேவிங் நுரையை க்ரீம் மாதிரி போட்டோ எடுத்துப் போட்டார். நண்பர்கள் ஆஹா, ஓஹோ என்று எழுதினார்கள். சில மாதங்களில் லண்டனிலேயே நம்பர் ஒன். அதுவரை ஒருத்தர்கூட அங்கே ஒரு வாய் சாப்பிட்டதில்லை!

ஆகவே விமர்சகர்தான் ஒஸ்தி என்று சொல்லிவிடலாமா? அவசரப்படாதீர்கள். ரெய்ஷலின் கட்டுரை ஏன் நின்றது? அவர் ஒரு நாள் சாதாரண வாடிக்கையாளராக மாறியதால். முகம் தெரிந்த நிபுணருக்குக் கிடைப்பது நமக்குக் கிடைக்காத சாப்பாடு. கைக்குழந்தையோடு போனால் முகம் சுளிப்பார்களா, ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் சாம்பாரில் தண்ணீர் சேருமா என்பதெல்லாம் தினசரி போகிறவருக்குத்தான் தெரியும். ஆனால் ஒரு பண்டம் எப்படி இருந்திருக்கவேண்டும், எங்கே தவறியது என்று சொல்ல, ஆயிரம் தட்டு பார்த்த நாக்கு வேண்டும்.

இரண்டு பேரிடமும் நாம் தேடவேண்டியது எண்ணை அல்ல, காரணத்தை. 'சூப்பர்', 'வேஸ்ட்' இரண்டையும் தாண்டிப் போங்கள். 'தோசை நல்லா இருந்தது, சட்னி புளிச்சுப்போச்சு' என்று எழுதியிருக்கிறாரே, அவர் நிஜமாகவே சாப்பிட்டவர். அவரை நம்பலாம்.

நீங்கள் எழுதும்போதும் இதே நியாயம்தான். மழையில் டெலிவரி பையன் தாமதமாக வந்ததற்கு, அடுப்படியில் வெந்துகொண்டிருக்கும் சின்ன ஓட்டல்காரருக்கு ஒற்றை ஸ்டார் போட்டுவிடாதீர்கள். ஸ்டாரோடு ஒரு வரி காரணம் எழுதுங்கள். எழுதக் காரணம் கிடைக்கவில்லையென்றால், அந்த ஸ்டாரையும் போட வேண்டாம்.