உளுந்தஞ்சோறு: கரிசல் நாட்டுச் சம்பிரதாயங்கள்

அரிசியால் ஆகும் பக்குவங்களைப் பற்றிப் பேசப் புகுந்தோர் ஆம்பூரையும் திண்டுக்கல்லையும் எண்ணி நாவூறுவதே இன்றைய வழக்கமாயினும், 1872ஆம் ஆண்டில் வ.உ.சிதம்பரம் பிள்ளை பிறந்த ஓட்டப்பிடாரம் தொடங்கிக் கோவில்பட்டிக்கும் அப்பாலாக விரிந்து கிடக்கும் கரிசல் பூமியில், பெண்பிள்ளை ருதுவான வீட்டிலும் பிள்ளை பெற்றவள் இருக்கும் வீட்டிலும் முதல் மரியாதை பெறுவது உளுந்தஞ்சோறே ஆகும்.

இதனை அரிசிச் சாதங்களின் வரிசையில் வைப்பதிலேயே எனக்கு ஓர் ஆட்சேபணை உண்டு. தாமிரபரணி பாயும் ஸ்ரீவைகுண்டத்துப் பக்கம் நெல் விளையும். ஐப்பசி மழையையே நம்பி மானாவாரியாக விதைக்கும் இந்நாட்டிலோ, கம்பும் சோளமும் அன்றாட அன்னமாயிருக்க, நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வந்துபோகும் விருந்தாளியாக இருந்த காலம் வெகுதூரத்தில் இல்லை. உளுந்து அப்படியன்று, சொந்தக் காட்டில் விளைந்து, தைக்குள் களம் கண்டு, குலுக்கையில் கிடந்தது. ஆகவே இச்சோற்றின் தராதரத்தை உளுந்தைக் கொண்டே நிர்ணயிக்க வேண்டும் என்பேன்.

இரண்டு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு தொலியுளுந்து என்பது பொதுவிதி. அதைத் திருகையில் உடைத்துச் சுளகில் புடைத்தபின், வறுப்பதா வேண்டாமா என்பதிலேதான் கட்சி பிரிகிறது. வறுப்போர், வெறுஞ்சட்டியில் இளந்தீயில் கிளறி, உடைந்த முகங்கள் பொன்னிறமாகி மணம் தெருவாசலை எட்டும்போது இறக்குவர். வறுக்காதோர், கழுவியதை அப்படியே உலையிலிட்டால்தான் இடுப்புக்கு வேண்டிய பலம் நிற்கும் என்பர். பலத்தை வைத்தியர்கள் தீர்மானிக்கட்டும். ருசி ஒன்றைக் கேட்டால் நான் வறுப்போர் கட்சி. வறுக்காத உளுந்து வேகும்போது வழவழப்பைக் கக்கிச் சோற்றைப் பசையாக்கிவிடும். வறுத்ததோ பருக்கையோடு ஒட்டாமல் நின்று, கடித்தவுடன் மாவாய்க் கரையும்.

வெந்தயம், சீரகம், உரித்த முழுப்பூண்டு, சிறிது சுக்கு, தேங்காய்த் துருவல் ஆகியவற்றில் பேதம் அதிகமில்லை. பிள்ளை பெற்றவளுக்கானால் பூண்டு கூடும். தேங்காய்ப்பால் பிழிந்து ஊற்றுவோரும் உளர். அதன் கொழுப்பில் உளுந்தின் வாசம் அமுங்கிப்போகிறது. நீர் வற்றியதும் மூடியின்மேல் தணலைப் பரப்பிப் புழுங்கவிட்ட இடத்தில் இப்போது குக்கர் விசிலை எண்ணுகிறார்கள். தண்ணீர் அளவு தப்பாதவரையில் அதுவும் குறைவன்று. ஆனால், குழந்தைகள் கறுப்பைக் கண்டு முகஞ்சுளிக்கிறார்கள் என்று தொலி நீக்கிய வெள்ளை உளுந்தைப் போடுவதை எந்தச் சம்பிரதாயத்திலும் சேர்க்க என் மனம் இடங்கொடுக்கவில்லை.

தொட்டுக்கொள்வதில் அசைவர்க்குக் கோழிக் குழம்பும் கருவாட்டுக் குழம்பும் பிரமாணம். தூத்துக்குடிக் கடல் பக்கத்திலிருக்கக் கருவாட்டுக்கு என்ன பஞ்சம்? எனினும், கறுப்பெள்ளை வெடிக்க வறுத்து, மிளகாய் வற்றலும் புளியும் உப்பும் சேர்த்து அம்மியில் கொரகொரப்பாக அரைத்த துவையலைச் சுடுசோற்றில் வைத்து, நல்லெண்ணெய் தாராளமாக விட்டுப் பிசைந்து உண்பதற்கு ஈடாக வேறொன்றை நான் கண்டதில்லை. எண்ணெய்க்குப் பதில் நெய்க்கிண்ணத்தோடு வருகிறவர் எத்துணை நெருங்கிய உறவினரானாலும், இலையின்மேல் கையை வைத்து மறைத்துவிடுவது தகும்.