கோட் எழுத எந்த ஓ.எஸ்.? மூன்றிலும் வேலை பார்த்த அனுபவம்

நான் எழுதும் புரோகிராம்கள் எல்லாம் கடைசியில் லினக்ஸ் சர்வரில்தான் ஓடுகின்றன. அவற்றை எழுதும் கம்ப்யூட்டரில் எந்த ஓ.எஸ். இருக்க வேண்டும் என்பதற்கு மட்டும் நிம்மதியான விடை கிடைத்தபாடில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால் கேள்வி இன்னும் அவசரமாகியிருக்கிறது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை பிராசஸராவது வேண்டும். நல்ல நிலையில் உள்ள எத்தனையோ லேப்டாப்கள் இங்கேயே கழிந்துவிடுகின்றன.

ஆகவே நோட் ஜேஎஸ்-இல் எழுதிய ஒரு வெப் சர்வீஸையும், டாக்கரில் அதற்கான போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸையும் வைத்து, விண்டோஸ் 11, மேக்ஓஎஸ், உபுண்டு 24.04 மூன்றிலும் வேலை பார்த்தேன்.

விண்டோஸ் 11

இங்கே புரோகிராமருக்குக் கைகொடுப்பது, விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டவிடும் டபிள்யூஎஸ்எல். 2019-இல் அறிவிக்கப்பட்ட இதன் இரண்டாம் பதிப்பில், அசல் லினக்ஸ் கெர்னலே ஒரு சிறிய விர்ச்சுவல் மெஷினுக்குள் ஓடுகிறது. ஒரே கமாண்டில் நிறுவிவிடலாம். எடிட்டர் விண்டோஸில், கோட் லினக்ஸில் என்ற ஏற்பாடு நன்றாகவே வேலை செய்கிறது.

சிக்கல் ஃபைல்களில் வருகிறது. புராஜெக்ட் ஃபோல்டரை சி டிரைவில் வைத்துக்கொண்டு லினக்ஸ் பக்கமிருந்து என்பிஎம் இன்ஸ்டால் கொடுத்துப் பாருங்கள். ஆயிரக்கணக்கான குட்டி ஃபைல்கள். ஒவ்வொன்றைத் திறக்கவும் எழுதவும் விர்ச்சுவல் மெஷினின் எல்லையைத் தாண்டிப் போய்வர வேண்டியிருப்பதால் வேகம் படுத்துவிடுகிறது. அதே ஃபோல்டரை லினக்ஸின் ஹோமுக்குள் மாற்றினால் வேகம் திரும்பிவிடும். மைக்ரோசாஃப்டின் வழிகாட்டியும் அதைத்தான் சொல்கிறது. ரேமையும் கவனிக்க வேண்டும். வரம்பு எதுவும் போடாவிட்டால் மொத்த ரேமில் பாதிவரை டபிள்யூஎஸ்எல் எடுத்துக்கொள்ளும். 16 ஜிபி லேப்டாப்பில் அது 8 ஜிபி.

இவற்றையெல்லாம் செட்டிங்கில் சமாளித்துவிடலாம். என்னால் ஏற்க முடியாதது வேறு. ஸ்டார்ட் மெனுவில் ஸ்டோர் ஆப்களுக்கான பரிந்துரைகளை 2024 ஏப்ரல் அப்டேட் கொண்டுவந்தது. ஹோம் எடிஷனை நிறுவும்போதே மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் கேட்கிறது. காசு கொடுத்து வாங்கிய வேலைக் கருவிக்குள் விளம்பரத்துக்கு இடமே இருக்கக் கூடாது.

மேக்ஓஎஸ்

2020-இல் எம்1 சிப் வந்ததிலிருந்து பேட்டரியிலும், சூடாகாமல் ஓடுவதிலும் மேக்புக்குக்கு ஈடு சொல்வது கடினம். மூடினால் தூங்குகிறது, திறந்தால் உடனே எழுகிறது. டெர்மினலைத் திறந்தால் முறையான யுனிக்ஸ்.

ஆனால் யுனிக்ஸ் வேறு, லினக்ஸ் வேறு. ஒரு ஃபைலுக்கு முதலெழுத்தை கேப்பிடலாக வைத்துப் பெயரிட்டு, கோடில் அதைச் சின்ன எழுத்தில் இம்போர்ட் செய்யுங்கள். மேக்கின் ஃபைல் சிஸ்டம் வழக்கமான அமைப்பில் இரண்டையும் ஒன்றாகவே பார்ப்பதால் எல்லா டெஸ்டும் பாஸாகும். அதே கோட் சர்வருக்குப் போனதும் ஃபைலே இல்லை என்று நின்றுவிடும். மேக்குடன் வரும் பாஷ் இன்னும் 3.2, அதற்கடுத்த பதிப்பு ஜிபிஎல் 3 உரிமத்துக்கு மாறியது, ஆப்பிள் பழையதிலேயே நின்றுவிட்டது. சர்வரில் ஓடும் ஸ்கிரிப்ட் இங்கே அப்படியே ஓடும் என்று நம்ப முடியாது.

டாக்கரும் இங்கே ஒரு லினக்ஸ் விர்ச்சுவல் மெஷினுக்குள்தான் ஓடுகிறது. மேக்கின் சிப் வேறு வகை. சர்வர் எக்ஸ்86 என்றால் அதன் இமேஜை எமுலேஷனில் ஓட்ட வேண்டும். பில்ட் நேரம் நீள்கிறது. ரேமைப் பிறகு கூட்டவும் வழியில்லை. வாங்கும் அன்றே ஐந்து வருடத் தேவையைக் கணக்குப் போட்டாக வேண்டும்.

உபுண்டு 24.04

டாக்கர் நடுவில் எதுவும் இல்லாமல் நேராக லினக்ஸ் கெர்னல் மேல் ஓடுகிறது. ஃபைல் பெயர், பர்மிஷன், ஷெல் எல்லாம் சர்வரில் இருப்பதுபோலவே. என் புராஜெக்டுக்கு எந்த ஒட்டுவேலையும் தேவைப்படவில்லை.

தொல்லை கோடுக்கு வெளியே இருக்கிறது. திரையைக் கையாளும் பழைய எக்ஸ்11-இல் எந்த ஆப்பும் முழுத் திரையையும் பார்க்க முடிந்தது. அதன் இடத்துக்கு வந்த வேலண்ட் அதைத் தடுத்தது சரியான முடிவு. ஆனால் புதிய முறைக்கு மாறாத மீட்டிங் ஆப்களில் ஸ்கிரீன் ஷேர் கொடுத்தால் கறுப்புத் திரைதான் போகும். லேப்டாப் திரையும் வெளி மானிட்டரும் வெவ்வேறு ரெசல்யூஷனில் இருந்தால் பழைய ஆப்களின் எழுத்து மங்குகிறது. புதிய லேப்டாப்கள் பலவற்றில் பழைய எஸ்3 ஸ்லீப் இல்லை. புது முறை டிரைவர்களோடு ஒத்துப்போகாவிட்டால் பைக்குள்ளேயே பேட்டரி தீர்ந்துவிடும்.

இருந்தும் லினக்ஸ் பக்கம் நான் சாய ஒரு காரணம் உண்டு. அதை ஓர் உதாரணத்தால் சொல்கிறேன். பெரிய புராஜெக்டைத் திறந்ததும், பாதி டிஸ்க் காலியாக இருக்கும்போதே, இடமில்லை என்று எர்ரர் வருவது லினக்ஸில் பலரும் பார்த்தது. காரணம் டிஸ்க் அல்ல. ஃபைல் மாற்றங்களைக் கவனிக்கும் ஐநோட்டிஃபை வசதிக்கு முன்பு 8,192 என்ற வரம்பு இருந்தது. சிஸ்டம் செட்டிங்கில் ஒரு வரி மாற்றினால் சரியாகிவிடும். 5.11 கெர்னலில் அந்த வரம்பு ரேமுக்கு ஏற்பத் தானே உயரும்படி மாற்றினார்கள். கோளாறின் வேர்வரை போய்ப் பார்க்கலாம், தானே சரிசெய்யலாம். மற்ற இரண்டில் இப்படிப் பல கதவுகள் பூட்டியே இருக்கின்றன.

யாருக்கு எது?

ஐஃபோன் ஆப் எழுதுபவர்களுக்கு எக்ஸ்கோட் மேக்கில் மட்டுமே கிடைப்பதால் வேறு வழியில்லை. விண்டோஸ் டெஸ்க்டாப் மென்பொருள் எழுதுபவர்களும், ஆபீஸ் விதிகளால் விண்டோஸில் கட்டுண்டவர்களும் டபிள்யூஎஸ்எல்-ஐ நம்பலாம். புராஜெக்டை மட்டும் லினக்ஸ் பக்கம் வையுங்கள். சர்வரில் ஓடும் கோட் எழுதுபவர்களுக்கு என் தேர்வு உபுண்டு. நிறுவும் முன் யுஎஸ்பி-யிலிருந்து லைவாக பூட் செய்து வைஃபை, ஸ்லீப், வெளி மானிட்டர், ஸ்கிரீன் ஷேர் நான்கையும் சோதித்துவிடுங்கள். டிஸ்கில் எதுவும் மாறாது.

நிறுவனங்களுக்கும் ஒரு வார்த்தை. சர்வருக்கு லினக்ஸை நம்பி வியாபாரம் நடத்துகிறீர்கள். அந்த சர்வருக்குக் கோட் எழுதுபவர் கேட்டால், லேப்டாப்பிலும் அதையே கொடுங்கள்.