மண்ணிடம் ஒப்படைத்தலும் கண்ணீரும்: தேம்பாவணியில் கருணையன் புலம்பலும் கிறித்தவ எதிர்நோக்கும்

ஆய்வுச் சுருக்கம்

வீரமாமுனிவரின் தேம்பாவணியில், தாய் எலிசபெத்தை இழந்த கருணையன் பாடும் புலம்பல் பெரும்பாலும் உவமை நயத்துக்காகவும் அவலச் சுவைக்காகவும் பேசப்பட்டு வருகிறது. விண்ணுலகம், உயிர்த்தெழுதல் ஆகிய சொற்கள் இல்லாத இப்புலம்பலில் கிறித்தவ எதிர்நோக்கு எங்கே அமைந்துள்ளது என்னும் வினாவை இக்கட்டுரை எழுப்புகிறது. புறநானூற்றுக் கையறுநிலை, பட்டினத்தாரின் தாய் இரங்கல், அகுஸ்தினாரின் தன்வரலாறு ஆகியவற்றோடு ஒப்பிட்டு, எதிர்நோக்கு புலம்பலுக்கு முன்நிகழும் அடக்கச் செயலிலேயே நிலைகொண்டுள்ளது என்பதை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: தேம்பாவணி, கருணையன், கையறுநிலை, எதிர்நோக்கு, அடக்கம், அவலம்.

முன்னுரை

இத்தாலியில் 1680ஆம் ஆண்டு பிறந்து, இயேசு சபைத் துறவியாகத் தமிழகம் வந்த கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி என்னும் வீரமாமுனிவர், இயேசுவின் வளர்ப்புத் தந்தையாகிய சூசையைத் தலைவனாகக் கொண்டு தேம்பாவணியை இயற்றினார். மூன்று காண்டங்களும் 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்ட இக்காப்பியத்தில் கிளைக்கதைகள் பல. அவற்றுள் ஒன்று திருமுழுக்கு யோவானின் இளமை வாழ்வு. யோவானுக்குக் கவிஞர் இட்ட தமிழ்ப்பெயர் கருணையன். கானகத்தில் தாயோடு வாழும் அவன், அங்கேயே தாயை இழக்கிறான், தன் கையால் அடக்கம் செய்கிறான், பிறகு புலம்புகிறான்.

இப்பகுதியின் சில பாடல்கள் தமிழ்நாட்டுப் பாடநூல் கழகத்தின் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் இடம்பெற்றுள்ளன. தேம்பாவணியை முழுதும் படிக்காதவரும் அறிந்த பகுதி இதுவே எனலாம். அப்பாடல்களையே இக்கட்டுரை எல்லையாகக் கொள்கிறது.

இரு தொடக்கக் குறிப்புகள் தேவை. முதலாவது, சொல் பற்றியது. தமிழ்க் கிறித்தவ வழக்கில் ‘நம்பிக்கை’ என்னும் சொல் இரு பொருளில் வழங்குகிறது. பழைய சீர்திருத்தத் திருச்சபை மொழிபெயர்ப்பு வழக்கில் அது வரவிருப்பதைக் காத்திருக்கும் மனநிலையைக் குறிக்க, கடவுள்பற்று ‘விசுவாசம்’ எனப்பட்டது. பிற்காலப் பொது மொழிபெயர்ப்பிலோ கடவுள்பற்றே ‘நம்பிக்கை’ ஆயிற்று. காத்திருக்கும் மனநிலை ‘எதிர்நோக்கு’ எனப்பட்டது. குழப்பம் தவிர்க்க இக்கட்டுரை ‘எதிர்நோக்கு’ என்பதையே ஆள்கிறது.

இரண்டாவது, கதைமூலம் பற்றியது. எலிசபெத்தின் இறப்பை நற்செய்தி நூல்கள் கூறவில்லை. அவரும் கணவர் செக்கரியாவும் கடவுள்முன் குற்றமற்றவராய் வாழ்ந்தனர் என்றும், குழந்தை யோவான் பாலைநிலத்தில் வளர்ந்தார் என்றும் மட்டுமே லூக்கா முதல் அதிகாரம் சொல்லும். நற்செய்தியாளர் பேசாது விட்ட இடத்தில், பிற்கால மரபுகளின் துணையோடு, வீரமாமுனிவர் ஒரு மகனின் அழுகையை வைத்தார்.

சிக்கல்: அழுகையும் எதிர்நோக்கும்

தெசலோனிக்கருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் நான்காம் அதிகாரத்தில், இறந்தோரைத் துயில்கொண்டோர் எனக் குறிக்கும் பவுல், எதிர்நோக்கு இல்லாதோரைப்போலத் துயருற வேண்டாம் என அறிவுறுத்துகிறார். இக்கூற்று இருவகையாகக் கொள்ளப்படலாம். துயரமே கூடாது என்பது ஒன்று. துயரம் உண்டு, அதன் தன்மையே வேறு என்பது மற்றொன்று. முதல் வகையில் கொண்டால், கருணையன் புலம்பல் ஒரு கிறித்தவக் காப்பியத்தில் இடம்பெறத் தகாதது ஆகும்.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தவிப்பை அகுஸ்தினாரின் ‘கன்ஃபெஷன்ஸ்’ ஒன்பதாம் பகுதி வெளிப்படையாகப் பதிவு செய்கிறது. 387ஆம் ஆண்டு ஓஸ்தியாத் துறைமுகத்தில் தாய் மோனிக்கா இறந்தபோது அவர் கண்ணீரை வலிந்து அடக்கினார். நம்பிக்கையோடு வாழ்ந்து மறைந்த ஒருவருக்காக அரற்றுதல், அவர் முற்றிலும் அழிந்தார் என ஒப்புவதாகும் என்று அவர் அஞ்சினார். அடக்கத்தின்போதும் அழவில்லை. பின்னரே, தனிமையில், கடவுள்முன் சிறிது நேரம் அழுகிறார். அதையும் குற்றமெனக் கருதுவோர் உண்டெனில் தம் பாவங்களுக்காகக் கடவுள்முன் அழுமாறு கேட்கிறார். அங்கு அழுகைக்கு விளக்கம் தேவைப்படுகிறது. தேம்பாவணியின் கருணையனோ எந்த விளக்கமும் தருவதில்லை. இவ்வேறுபாடு எதனால் விளைந்தது?

ஒரு விடை எளிது. தமிழில் இரங்கற்பாவுக்கு நெடிய மரபு உண்டு. வீரமாமுனிவர் அம்மரபின் அணிகளை எடுத்தாண்டார். ஆகவே சமயக் கருத்து பின்னுக்குச் சென்றது என்பது அவ்விடை. பாடல்களின் அமைப்பை நோக்கின் இவ்விடை போதாது என்பது புலனாகும்.

அடக்கம் என்னும் செயல்

பாடநூற் பகுதியின் முதற்பாடல் புலம்பல் அன்று, அடக்கச் சடங்கு. கருணையன் மலர் போன்ற கைகளைக் குவிக்கிறான். நிலமகளை நோக்கி, அன்போடு காக்குமாறு வேண்டுகிறான். குழியில் மலர்ப்படுக்கை விரிக்கிறான். அறங்கள் யாவற்றையும் தன்னுள் பிணித்து வைத்திருந்தது போன்ற தாயின் உடலை அதில் கிடத்தி மூடுகிறான். மேலே மலரையும் கண்ணீரையும் ஒருங்கே பொழிகிறான்.

இங்கு மூன்று செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, வேண்டுகோளின் வினை. ‘காக்க’ என்பது ஒப்படைக்கும் சொல். திரும்பப் பெறும் எண்ணம் இல்லாதவன் ஒன்றைக் காக்கச் சொல்லமாட்டான். இரண்டாவது, ‘சேக்கை’ என்னும் படுக்கை. துயில்வோருக்கே படுக்கை; துயில் என்பதில் எழுதலும் அடங்கியுள்ளது. கல்லறைத் தோட்டத்தைக் குறிக்கக் கிறித்தவர் வழங்கிய பழைய கிரேக்கச் சொல்லுக்கும் துயிலிடம் என்பதே பொருள். மூன்றாவது, உடல் மதிக்கப்படும் முறை. யாக்கை நிலையாமை பேசும் தமிழ் அறநூல்கள் உடலை இகழ்ந்துரைப்பது பெருவழக்கு. வீரமாமுனிவர் அவ்வழக்கை நன்கறிந்தவர். ஆயினும் இங்கு இறந்த உடல் அறம் தங்கியிருந்த இடமாகவே போற்றப்படுகிறது. உடலின் உயிர்த்தெழுதலை ஏற்கும் சமயத்தில் உடல் கழிபொருள் ஆகாது.

ஆக, எதிர்நோக்கு கோட்பாடாக உரைக்கப்படாமல் செயலாக நிகழ்த்தப்பட்டுள்ளது. மலரும் கண்ணீரும் ஒரே வினையால் பொழியப்படுவது, அகுஸ்தினார் பிரித்துவைத்த இரண்டையும் இக்கவிஞர் ஒரு செயலாகவே கண்டார் என்பதைக் காட்டும்.

தமிழ் இரங்கல் மரபில் இரு ஒப்பீடுகள்

தொல்காப்பியம் காஞ்சித்திணையின் துறைகளுள் ஒன்றாகக் கையறுநிலையைக் கூறும். புறநானூற்றின் 256ஆம் பாடல் இங்கு ஒப்பிடத்தக்கது. வண்டிச் சக்கரத்தின் ஆரக்காலில் ஒட்டிவந்த சிறு பல்லியைப்போல ஒருவனோடு பல சுரங்களைக் கடந்து வந்த பெண், அவன் இறந்தபின், தாழியைத் தனக்கும் இடம் இருக்குமாறு அகலமாகச் செய்ய வேண்டுமெனக் குயவனிடம் வேண்டுகிறாள். கானக வாழ்வு, ஒரே துணை, அத்துணையின் இழப்பு, அடக்கம் குறித்த வேண்டுகோள் என நான்கும் இரு இடத்தும் ஒக்கும். வேண்டுகோளின் திசையே வேறு. அவள் அடக்கத்தினுள் தானும் புக விழைகிறாள். பிரிவை நீக்க அவளுக்கு அது ஒன்றே வழி. கருணையன் குழியின் வெளியே நிற்கிறான். தாயைக் காக்கும் பொறுப்பு மண்ணுக்கு மாறிவிட்டமையால், உயிரோடு எஞ்சும் துன்பத்தை அவன் ஏற்க வேண்டியுள்ளது. எதிர்நோக்கு துயரத்தைக் குறைக்கும் என்னும் பொதுக்கருத்துக்கு மாறாக, அது இங்கே துயரத்தைத் தாங்கி வாழும் கடமையைத் தருகிறது.

பட்டினத்தார் பாடியனவாக வழங்கும் தாய் இரங்கற் பாடல்கள் மற்றோர் ஒப்பீடு. துறவியாகிய மகன், தாயின் ஈமக்கடன், கட்டுக்கடங்காத கண்ணீர் என்பன ஈரிடத்தும் பொது. தன்னைச் சுமந்து வளர்த்த உடலுக்குத் தீ வைப்பது எங்ஙனம் எனப் பட்டினத்தார் வெதும்புகிறார். வெந்தவள் இறைவன் திருவடி சேர்ந்தாளோ என வினவுகிறார். இறுதியில் யாவும் சிவமயம் என அமைகிறார். துயரம் முதலில், தெளிவு முடிவில் என்பது அங்குள்ள ஒழுங்கு. தேம்பாவணியில் ஒழுங்கு தலைகீழ். ஒப்படைத்தல் முதலில், கலக்கம் பின்னர். தீயில் உடல் நீறாகிறது. ஆதலின் ஆறுதல் உடலைக் கடந்த மெய்ப்பொருளில் தேடப்படுகிறது. மண்ணில் உடல் வைக்கப்படுகிறது. ஆதலின் ஆறுதல் அவ்வுடலையும் உட்கொண்ட வாக்குறுதியில் தங்குகிறது. இவற்றுள் ஒன்றை உயர்த்தி மற்றொன்றைத் தாழ்த்துவது நம் நோக்கமன்று. ஈமமுறைக்கும் இரங்கலின் கட்டமைப்புக்கும் உள்ள உறவே இங்குக் கருதப்படுவது.

புலம்பலின் மொழி

அடக்கத்துக்குப் பின்வரும் பாடல்களில் கருணையன் தன் நிலையையே பேசுகிறான். தாயின் வாய்மொழியே மழையாக வாழ்ந்த தான், துளியின்றி மணி பிடிக்குமுன் காய்ந்த இளம்பயிர் ஆனதாகக் கூறுகிறான். கொம்பிலிருந்து கொய்த மலர், நச்சம்பு தைத்த புண், துணை பிரிந்த பறவை, வழுக்கு நிலத்தில் வழியறியாதவன் என உவமைகள் தொடர்கின்றன. உணவு தேடவும் காட்டில் வழிசெல்லவும் அறியேன், தாயின் கைகாட்டல் ஒன்றையே அறிந்தேன், அவளோ என்னை நீக்கித் தனியே சென்றாள் என முறையிடுகிறான்.

இவ்வுவமைகளுள் ஒன்றுகூடத் தாயின் நிலையைப் பற்றியதன்று என்பது முதன்மையான செய்தி. தாய் என்ன ஆனாளோ என்னும் அச்சம் எங்கும் இல்லை. அவ்வினா மண்ணிடம் ஒப்படைத்ததோடு முடிந்தது. எஞ்சுவது, இல்லாமையை நாள்தோறும் எதிர்கொள்ள வேண்டிய மகனின் நிலை. எதிர்நோக்கு உள்ள துயரத்துக்கும் அஃதில்லாத துயரத்துக்கும் பவுல் காட்டிய வேறுபாட்டை இவ்வமைப்பு உணர்த்துகிறது எனக் கொள்ளலாம்.

இம்முறையீட்டைக் கவிஞர் பிழையெனக் கருதினாரா? இறுதிப்பாடல் விடை தருகிறது. நல்லறங்களை மாலையாகப் பூண்ட தவக்கோல மார்பினன் எனக் கருணையனைச் சுட்டிய பின்னரே, அவன் புலம்பலுக்கு மரங்களும் சுனைகளும் கானகமும் எதிரொலித்து அழுவனபோல் இருந்தன என்கிறார். ஒன்றும் அறியேன் என அவன் சொல்லிய அளவிலேயே அறமாலை அணிந்தவன் எனக் கவிக்கூற்று அவனைப் போற்றுகிறது. அழுதமையால் தவம் குன்றவில்லை. புலம்பலில் ‘தேம்ப’ என்னும் வினை வருவதையும் இங்கு எண்ணலாம். நூற்பெயரை வாடாத மாலை எனப் பொருள்கொள்வோருக்கு, வாடாத அணிக்குள் தேம்பும் மகன் ஒருவன் இடம்பெற்றிருப்பது பொருளற்றதாகத் தோன்றாது.

ஒரு மறுப்பும் விடையும்

கதையின் காலத்தில் இயேசு இன்னும் இறக்கவும் இல்லை, உயிர்த்தெழவும் இல்லை. ஆகவே கருணையனுக்குக் கிறித்தவ எதிர்நோக்கை ஏற்றுவது பொருந்துமா எனக் கேட்கலாம். இவ்வினா நியாயமானது. பாத்திரம் அறியாததைக் கவிஞரும் படிப்போரும் அறிவர். அதனாலேயே பாத்திரத்தின் வாயில் உயிர்த்தெழுதல் பற்றிய சொல் வைக்கப்படவில்லை எனலாம். படுக்கையும் காவலும் ஆகிய குறிப்புகளாகவே அது நிற்கிறது. யோவான் நற்செய்தியின் 11ஆம் அதிகாரத்திலும் இத்தகைய ஒழுங்கு உண்டு. இலாசரின் சகோதரி மார்த்தாவிடம் உயிர்த்தெழுதல் பற்றிய வாக்குறுதியை இயேசு முன்னரே கூறிவிடுகிறார், அதன்பின்னரே அழுகிறார். எழுப்பப் போவதை அறிந்தவரே அழுதார் எனின், அறியாத சிறுவன் அழுவது குறையாகாது.

முடிவுரை

கருணையன் புலம்பலை அணிநலனுக்கு எடுத்துக்காட்டாக மட்டும் கற்பிக்கும்போது, முதற்பாடல் பின்னணிச் செய்தியாகச் சுருங்கிவிடுகிறது. அதனைப் பகுதியின் அடித்தளமாகக் கொள்ளின், இரங்கல் முழுதும் வேறு பொருள் பெறுகிறது. அறவழி நின்று மறைந்த தாயை மகன் மண்ணிடம் நம்பி ஒப்படைக்கிறான். ஒப்படைத்ததால் அவளுக்காக அஞ்சவேண்டியதில்லை. அஞ்சவேண்டாமையால் தனக்காக அழ உரிமை பெறுகிறான். கையறுநிலையின் மொழியை மாற்றாமல், அது நிற்கும் நிலத்தை மட்டும் வீரமாமுனிவர் மாற்றியுள்ளார். தமிழ்க் கிறித்தவ இரங்கற்பாக்களையும் கல்லறைப் பாடல்களையும் ஆராய்வோர், ஆறுதற் சொற்களைத் தேடுவதோடு அமையாது, அவற்றுள் அடக்கச் செயல் எவ்விடத்தில் வைக்கப்பட்டுள்ளது என்பதையும் நோக்குதல் வேண்டும்.