மறக்கப்போகும் நேரம் பார்த்துக் கேட்கும் செயலி

மூளைக்குப் பயிற்சி தருவதாகச் சொல்லும் செயலிகள் பிளே ஸ்டோரில் குவிந்து கிடக்கின்றன. ஒன்று நிறங்களைப் பொருத்தச் சொல்லும், இன்னொன்று ஓடும் எண்களைப் பிடிக்கச் சொல்லும், கடைசியில் ஒரு மதிப்பெண்ணைக் கொடுத்துப் பாராட்டி அனுப்பும். ஆங்கி அந்தக் கூட்டத்தில் சேராது. திறந்தால் ஒரு வெற்றுத் திரை, நடுவில் ஒரு கேள்வி, அடியில் விடையைப் பார்க்க ஒரு பட்டை. நினைவாற்றலுக்கு அன்றாடம் வேலை கொடுக்க நினைக்கிறவர் கைப்பேசியில் முதலில் ஏற வேண்டியது, பார்க்க இவ்வளவு வறட்சியாக இருக்கும் இந்தச் செயலிதான்.

இதை உருவாக்கியவர் டேமியன் எல்ம்ஸ். 2006ல் வெளியானது. ஜப்பானிய மொழி படிக்கத் தொடங்கியவருக்குச் சொற்கள் மனதில் தங்க ஒரு வழி தேவைப்பட்டதில் பிறந்தது. கணினியில் இலவசம். ஆண்ட்ராய்டில் தன்னார்வலர்கள் நடத்தும் 'ஆங்கிட்ராய்டு' இலவசம், விளம்பரமும் கிடையாது. ஐபோனுக்கு மட்டும் ஒரே ஒருமுறை 25 டாலர் அளவில் பணம் கட்ட வேண்டும். கடையில் இதே பெயரை ஒட்டிக்கொண்டு, மாதச் சந்தா கேட்கும் வேறு செயலிகளும் உண்டு. பதிவிறக்கும்போது பெயரை நிதானமாகப் பார்ப்பது நல்லது.

செயலி எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க மலையாள எழுத்துகளைவிடப் பொருத்தமான சோதனை தமிழருக்கு அமையாது. நாகர்கோவில், செங்கோட்டை, கோவைப் பக்கம் இருப்பவர்களுக்கு எல்லை தாண்டியதுமே பேருந்துப் பலகை புரியாமல் போகும் அனுபவம் உண்டு. பேச்சு ஓரளவு புரியும், எழுத்துதான் தடுக்கும். ஐம்பது சொச்சம் எழுத்துகளுக்கும் அட்டை போட்டாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முன்பக்கம் எழுத்து, பின்பக்கம் அதன் ஒலி, கூடவே அந்த எழுத்தில் தொடங்கும் ஓர் ஊர்ப்பெயர். முதல் நாள் 'உ' வருகிறது. தமிழ் உகரத்தின் சாயல்தான், பார்த்ததும் பிடிபடுகிறது. விடையைப் புரட்டிவிட்டு 'ஈஸி'யைத் தொட்டால், அது சில நாள் கழித்துத்தான் மறுபடி முகம் காட்டும். அடுத்து த வர்க்கத்தின் இரண்டாவது எழுத்து. அதையும் நான்காவது எழுத்தையும் ஒரு சிறு சுழிதான் பிரிக்கிறது. கண் மாற்றிச் சொல்லிவிடுகிறது. 'அகெய்ன்' தொட்டால் ஒரு நிமிடத்தில் திரும்ப வரும், பிறகு பத்து நிமிடத்தில், பிறகு மறுநாள். சரியாகச் சொல்லச் சொல்ல இடைவெளி விரியும்: சில நாள், ஒரு வாரம், மூன்று வாரம், இரண்டு மாதம். 'உ' அடிக்கடி வந்து தொந்தரவு செய்யாது. அந்த இரட்டை எழுத்துகள் மட்டும், கண் சுழியைத் தேடப் பழகும்வரை விடாமல் வந்துகொண்டே இருக்கும்.

அட்டையின் அடியில் 'அகெய்ன்', 'ஹார்ட்', 'குட்', 'ஈஸி' என்று நான்கு பொத்தான்கள். இங்கேதான் புதியவர்கள் சறுக்குகிறார்கள். விடை நினைவுக்கு வராதபோது 'கஷ்டமாக இருந்தது' என்ற எண்ணத்தில் 'ஹார்ட்'டைத் தொட்டுவிடுகிறார்கள். ஆனால் அது, சிரமப்பட்டாலும் சொல்லிவிட்டேன் என்பதற்கான பொத்தான். மறந்த அட்டையை அப்படித் தள்ளிவிட்டால் செயலியின் கணக்கு மொத்தமும் கோணலாகிவிடும். தொடக்கத்தில் 'அகெய்ன்', 'குட்' இரண்டோடு நிறுத்திக்கொண்டாலே போதும்.

இந்தக் கணக்கின் வேர் 1885ல் இருக்கிறது. ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ், பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகத்தில் மறக்கிறது என்று அளந்து வெளியிட்ட ஆண்டு அது. மறதி முதல் நாளிலேயே பெரும்பகுதியை அள்ளிக்கொண்டு போகிறது, பிறகு அதன் வேகம் தணிகிறது. ஒவ்வொரு முறை மீட்டெடுத்ததும் மறதி இன்னும் மெதுவாகிறது. இதை வைத்துப் போலந்துக்காரரான பியோத்ர் வோஸ்னியாக் 1980களில் இடைவெளிகளைக் கணிக்கும் விதிமுறையை எழுதினார். ஆங்கி நெடுங்காலம் அதைச் சற்று மாற்றிப் பயன்படுத்தியது. 2023ல் எஃப்எஸ்ஆர்எஸ் என்ற புதிய முறை சேர்ந்தது. அமைப்புகளில் அதை இயக்கிவிட்டால், பயனரின் பழைய விடைகளைப் படித்து, எந்த அட்டை எப்போது நழுவும் என்று ஊகிக்கிறது. பத்தில் ஒன்பது முறை விடை வரும் அளவுக்கு இடைவெளி வைப்பதே அதன் இயல்பான அமைப்பு. பத்துக்குப் பத்து வேண்டும் என்று அதை உயர்த்தினால் அன்றாட வேலை தாறுமாறாக ஏறும். அப்படியே விட்டுவிடலாம்.

இதைவிட முக்கியமானது, அட்டையைப் புரட்டுவதற்கு முந்தைய சில விநாடிகள். விடை நாக்கு நுனியில் நிற்கிறது, வரவில்லை. தேடுகிறோம். அந்தத் தேடல்தான் பயிற்சி. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகரும் கார்பிக்கும் 2006ல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. மாணவர்களில் ஒரு பிரிவினர் ஒரு பத்தியை நான்கு முறை படித்தார்கள். இன்னொரு பிரிவினர் ஒரு தடவை படித்துவிட்டு மூன்று முறை பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பத் திரும்பப் படித்தவர்களே முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: படித்தவர்களுக்கு 40 சதவீதம் நினைவிருந்தது, நினைவுகூர்ந்தவர்களுக்கு 61 சதவீதம்.

நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் எண்சுவடியை ஒப்பிக்க வைத்ததும் இந்த வேலைதான். சுவடியைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதாது, சட்டாம்பிள்ளை கேட்கும்போது வாயில் வர வேண்டும். சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் 1907ல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு விஷயங்களில் ஒருசேரக் கவனம் வைத்துக் காட்டியபோதும், சுற்றிலும் கேட்பவர்கள் இருந்தார்கள். படிப்பை முடித்து வேலைக்குப் போனபின் நம்மிடம் யாரும் கேள்வி கேட்பதில்லை. ஆங்கி அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

மூளை விளையாட்டுச் செயலிகளின் கதை வேறு. லூமோசிட்டியை நடத்திய லூமோஸ் லேப்ஸ், முதுமை மறதியைத் தள்ளிப்போடலாம் என்ற பாணியில் விளம்பரம் செய்ததற்குப் போதிய சான்று இல்லை என்று அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் குற்றம்சாட்டியது. 2016ல் 20 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டு நிறுவனம் வழக்கை முடித்துக்கொண்டது. பிபிசியோடு சேர்ந்து நரம்பியல் ஆய்வாளர் ஏட்ரியன் ஓவனின் குழு 11,430 பேரிடம் ஆறு வாரம் நடத்திய சோதனையில், விளையாடிய விளையாட்டில் கை தேறியது, மற்ற திறன்களுக்கு அது பரவவில்லை. அது 2010ல் 'நேச்சர்' இதழில் வந்தது. எல்லாமே வீண் என்றும் தள்ளிவிட முடியாது. 65 வயதைக் கடந்த 2,800 பேருக்கு மேல் பங்கேற்ற 'ஆக்டிவ்' என்ற அமெரிக்க ஆய்வில், காண்பதை விரைந்து உணரும் பயிற்சியின் பலனும் தர்க்கப் பயிற்சியின் பலனும் பத்து ஆண்டுக்குப் பிறகும் தெரிந்தன. ஆனால் அங்கேயும் சோதனைகளில் தெரிந்த பலன் பெரும்பாலும் எதைப் பழகினார்களோ அதில்தான். அப்படியென்றால் பழகுவது பயனுள்ளதாக இருக்கட்டுமே? நிறப் பந்தைப் பிடிப்பதில் தேறுவதைவிட, எதிர்வீட்டுக்காரர் பெயரை நினைவில் வைப்பது நல்லது.

ஆங்கியின் அருமையும் அதில்தான் இருக்கிறது: எதை நிரப்புவது என்பது நம் கையில். வீட்டிலுள்ளவர்களின் கைப்பேசி எண்கள் எத்தனை பேருக்கு மனப்பாடம்? கைப்பேசி தொலைந்த அன்றுதான் தெரியும். நாலைந்து எண்களை அட்டையாக்கினால் கொஞ்ச நாளில் நாக்கில் நின்றுவிடும். பறவை ஒலிகள் இன்னும் சுவையானவை. ஸீனோ-கான்டோ தளத்திலிருந்து ஒலிப்பதிவுகளை இறக்கி முன்பக்கத்தில் இணைக்கலாம். கொல்லன் தட்டுவதுபோல 'டுக் டுக்' என்று விடாமல் கேட்டால் செம்மார்புக் குக்குறுவான். 'ஊப் ஊப்' என்று அடித்தொண்டையிலிருந்து வந்தால் செம்போத்து. காதில் ஏறிவிட்டால், காலை நடையில் மரத்தை அண்ணாந்து பார்க்காமலே பெயர் வந்துவிடும்.

மற்றவர் தயாரித்த அட்டைக் கட்டுகளை இலவசமாக இறக்கலாம் என்றாலும் அந்த வழி வேண்டாம். நாமே எழுதிச் சேர்த்த அட்டை பாதி அப்போதே மனதில் பதிந்துவிடுகிறது. ஓர் அட்டைக்கு ஒரே கேள்வி என்பதையும் விடாமல் பிடிக்க வேண்டும். ஐந்து விவரங்களை ஓர் அட்டையில் திணித்தால் அது திரும்பத் திரும்பத் தோற்கும். எட்டு முறை தோற்ற அட்டைக்குச் செயலியே 'லீச்' என்று முத்திரை குத்தும். அந்த முத்திரை விழுந்தால் கேள்வியை உடைத்து எழுத வேண்டும்.

குறைகள் இல்லாமல் இல்லை. மெனுக்கள் அடுக்கடுக்காக, தலைசுற்றும் கலைச்சொற்களோடு இருக்கின்றன. அறுபது கடந்தவருக்குத் தொடங்கிக் கொடுக்க வீட்டில் ஒருவர் உட்கார வேண்டியிருக்கும். எழுத்தளவைப் பெரிதாக்குவது, கேள்வியைக் குரலில் பதிவது இரண்டையும் அப்போதே செய்து கொடுத்துவிடலாம். அதைவிடப் பெரிய தொல்லை, சேர்ந்துபோகும் பாக்கி. ஒரு நாளைக்கு 20 புது அட்டை என்பது செயலியோடு வரும் அமைப்பு. அந்த வேகத்தில் போனால் சில வாரத்தில் தினசரி மீள்பார்வை 200ஐ நெருங்கும். வெளியூர் போய்த் திரும்பினால் காத்திருக்கும் எண்ணைப் பார்த்தே பலர் செயலியை நீக்கிவிடுகிறார்கள். தேர்வுக்குப் படிக்காதவர் புது அட்டையை ஐந்தாகக் குறைத்துக்கொண்டால், காலைக் காபி நேரத்திலேயே வேலை முடிந்துவிடும்.

முதுமை மறதிக்கு இது மருந்தாகாது. அந்தக் கவலை உள்ளவர் ரத்த அழுத்தம், செவித்திறன், சர்க்கரை இவற்றைக் கவனிப்பதுதான் முதல் வேலை. 2024ல் வெளியான லான்செட் ஆணைய அறிக்கை அடையாளம் காட்டிய, மாற்றக்கூடிய 14 காரணங்களில் இவை மூன்றும் உண்டு.

இறக்கியதும் செய்ய வேண்டியது ஒன்று. இப்போதைய ஆங்கிட்ராய்டில், செயலியை நீக்கினால் அட்டைகளும் கூடவே அழிந்துவிடலாம். ஆங்கிவெப் தளத்தில் இலவசக் கணக்குத் திறந்து, மேலே இருக்கும் ஒத்திசைவுப் பொத்தானை அவ்வப்போது தட்டிவந்தால், கைப்பேசியை மாற்றினாலும் அட்டைகளும் அவற்றின் இடைவெளிகளும் அப்படியே திரும்பக் கிடைக்கும்.