மெய்ப்பாடு அறியாத கதைசொல்லி

உள்ளத்து நிகழ்வது உடலின்வழிப் புலப்படுதலை மெய்ப்பாடு என்பர். தொல்காப்பியர் அதனை நகை, அழுகை முதலாக எட்டு வகையாகப் பகுத்தார். பிறர் முகத்திற் காணும் இவற்றுள் இரண்டொன்றையன்றி மற்றவற்றை அறிய இயலாத ஒருவன் தன் கதையைத் தானே சொன்னால் அக்கதை எவ்வாறு இருக்கும்? மார்க் ஹடன் 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆங்கில நாவல் இவ்வினாவிலேயே பிறக்கின்றது. இரவில் நாய்க்கு நேர்ந்த விந்தை நிகழ்ச்சி என்பது அதன் தலைப்பின் பொருள்.

கதைசொல்லி கிறிஸ்தோபர் 15 வயதினன். சுவிண்டன் நகரில் தந்தையோடு வாழ்பவன். ஆசிரியை வரைந்து காட்டிய முகங்களுள் மகிழ்ந்த முகமும் வருந்திய முகமுமே அவனுக்கு விளங்கின. பிறர் தொடுவதைப் பொறான். அத்தியாயங்களுக்குப் பகா எண்களையே இடுவான். ஓட்டிசம் என்னும் பெயரை நாவல் ஓரிடத்தும் உரைக்கவில்லை; அது நன்றே. தமிழில் வழங்கும் 'மதியிறுக்கம்' என்ற சொல்லோ இவனுக்குச் சிறிதும் பொருந்தாது.

உருவகம் பொய்யென்றும் உவமை பொய்யன்றென்றும் அவன் வாதிடுவது அணியிலக்கணம் கற்றோர்க்கு இன்பம் பயப்பது. தண்டியார் அணியாகப் பிரித்ததை இவன் அறமாகப் பிரிக்கின்றான்.

நாவலின் உயிர்நிலை கடிதங்களைக் கண்டெடுக்கும் பகுதியாகும். தாய் இதய நோயால் இறந்தாள் என்று தந்தை சொல்லியிருந்தார். அவள் இலண்டனிலிருந்து எழுதிய கடிதங்கள் தந்தையின் அலுமாரியில் ஒளித்து வைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றைப் படித்த மகன் துயரென்றோ சினமென்றோ ஒரு சொல்லும் எழுதவில்லை. அறை அசைந்தது, வயிற்றில் நோவு எழுந்தது, பின்னர் நடந்தது நினைவில் இல்லை, கட்டிலில் வாந்தி கிடந்தது. தன் மெய்ப்பாட்டைத் தானே பதிவு செய்துவிட்டு அதன் பெயரை அறியாது நிற்கின்றான். பெயரிடும் பொறுப்பு வாசகன்மேல் விழுகின்றது. அழுகையை அழுகையென்றே எழுதிக் குவிக்கும் நம் கதாசிரியர் இப்பகுதியை ஒருமுறையேனும் படித்தல் வேண்டும்.

தாயைத் தேடி அவன் தனியே இலண்டன் செல்கின்றான். புகையிரத நிலையத்து அறிவிப்புப் பலகைகளின் சொற்களெல்லாம் ஒருங்கே அவன் கண்ணில் மோதிப் பொருளிழக்கின்றன; அக்குழப்பத்தை ஆசிரியர் பக்கத்திலேயே அச்சிட்டுக் காட்டுகின்றார். புகையிரதம் ஏற மட்டக்களப்புவரை செல்லவேண்டிய பாலமுனை மாணவனுக்கு இவ்வச்சம் முற்றும் அந்நியமானதன்று.

குறையும் உண்டு. கணித உயர்தரப் பரீட்சையில் அவன் பெறும் மிகச் சிறந்த பெறுபேறு, இத்தகையோர் யாவரும் கணித மேதைகளே என்ற மயக்கத்தை வளர்க்கக்கூடும். பேச்சே வாராத பிள்ளையைப் பெற்ற தாய்க்கு இம்முடிவு என்ன ஆறுதல் தரும்? ஓட்டிசத்தில் தாம் வல்லுநர் அல்லர் என ஹடனே பின்னர் ஒப்புக்கொண்டார். அந்நேர்மையால் இக்குறை நீங்கிவிடாது.

எனினும் தந்தையை அவர் வரைந்த திறம் குறிப்பிடத்தக்கது. நாயைக் கொன்றவரும் அவரே, தாயைப்பற்றிப் பொய்யுரைத்தவரும் அவரே. மகன் அஞ்சி விலகுகின்றான். இறுதியில் அவர் ஐந்து நிமிடம் மட்டும் பேச இசைவு வேண்டி, நேரங்காட்டும் கருவியை முடுக்கி வைத்துவிட்டு அவன்முன் அமர்கின்றார்.