பிரதாப முதலியாரும் சூசையப்பரும்

தமிழின் முதல் நாவல் எனப் போற்றப்படும் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதனை இயற்றிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889) கத்தோலிக்கக் கிறிஸ்தவர். முனிசீப்பாக அமர்ந்து வழக்குத் தீர்த்தவர். பெண் கல்விக்காக அவர் வாதாடிய திறத்தைத் தமிழாசிரியர் அனைவரும் அறிவர். ஞானாம்பாளின் அறிவை வியவாதார் இலர். ஆயின், அவள் கணவன் அக்குடும்பத்தில் செய்த பணி யாது என்னும் வினாவும் கேட்கத்தக்கதே.

கதையை நினைவு கூர்வோம். காட்டில் வழிதப்பிய பிரதாபன் விக்கிரமபுரியில் சிறைப்படுகிறான். ஞானாம்பாள் ஆண்வேடம் பூண்டு அவனைத் தேடி வருகிறாள். யானை அவளுக்கு மாலை சூட்ட, அவள் அரசாகிறாள்; செங்கோல் ஓச்சுகிறாள்; கணவனை மீட்கிறாள். வீட்டிலோ பிரதாபனின் தாய் சுந்தரத்தண்ணியின் மதிநுட்பமே வழிகாட்டுகிறது. கதை முழுவதையும் சொல்பவன் பிரதாபன். நகைச்சுவை ததும்பப் பேசுகிறான்; தாயையும் மனைவியையும் மனமாரப் புகழ்கிறான்.

இப்புகழ்ச்சி எளிய செயலன்று. திருக்குறளில் ‘வாழ்க்கைத் துணைநலம்’ என்னும் ஆறாம் அதிகாரம் மனைவியின் மாண்பைப் பேசுகிறது. ‘பெண்வழிச் சேறல்’ என்னும் தொண்ணூற்றோராம் அதிகாரமோ மனைவி சொல்வழி நிற்பானை இகழ்கிறது. குறளைப் போற்றிய சமுதாயத்தின் முன்னே, மனைவி சொல்லைக் கேட்டு அதனால் உயர்ந்த ஓர் ஆணை வெட்கமின்றி நிறுத்தினார் வேதநாயகர். அது துணிவு. அத்துணிவைக் குறைத்து மதிப்பிடுவார் நூலை அறியாதாரே.

எனினும் ஒரு குறை உண்டு. ஆணின் ஆணவத்தைக் களைந்த ஆசிரியர், அவ்விடத்தில் வேறெதனை நட்டார்? பிரதாபன் வியக்கிறான், மகிழ்கிறான், நன்றி பாராட்டுகிறான். குடும்பத்தின் பெரிய முடிவுகளில் அவன் தன் கருத்தை வைத்து, மனைவியின் கருத்தோடு உரசி, இருவருமாக ஒரு துணிவுக்கு வந்தனர் என்று நெஞ்சில் நிற்கும் காட்சி அரிது. நீதிமன்றத்தில் இருதரப்பையும் கேட்டுப் பழகிய முனிசீப், தாம் படைத்த இல்லத்தில் ஒரு தரப்பையே பேசவிட்டார் எனலாம். முழுச் சுமையும் ஞானாம்பாளின் தோளில் ஏறுகிறது. அவளுக்குக் கிட்டியது மாலை, துணை அன்று.

இது பழைய நாவலைப் பற்றிய வெறும் ஆராய்ச்சி அன்று. பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் பகுதிகளில் ஆலயத்திலே மோதிரம் மாற்றிக்கொண்ட தமிழ்க் கணவரிடையே இருவகையினரைக் காணலாம். தாமே தலை என்று கூறி, வீடு வாங்குவது முதல் பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்பது வரை தாமே முடிவுகட்டுவார் ஒரு வகையினர். ‘எல்லாம் அவள் பார்த்துக்கொள்வாள்’ என்று நாளிதழை விரிப்பார் மற்றொரு வகையினர். முன்னவரைக் கடிகிறோம், பின்னவரை நல்லவர் என்கிறோம். பின்னவர் பிரதாபனின் வழித்தோன்றல்களே. பிள்ளை தேர்வில் தவறினாலோ, கடன் மிகுந்தாலோ பழி முழுதும் மனைவிக்கே என்பதை எண்ணினால், அந்த நல்ல தன்மையின் விலை விளங்கும்.

கிறிஸ்தவக் கணவனுக்கு வேதநாயகர் காட்டாத முன்மாதிரி அவருடைய மறைநூலிலேயே இருந்தது. கத்தோலிக்கர் சூசையப்பர் என்றும் ஏனையோர் யோசேப்பு என்றும் அழைக்கும் தச்சரே அவர். நற்செய்தி நூல்கள் நான்கிலும் அவர் வாய்ச்சொல் ஒன்றேனும் இல்லை. ஆயினும் மரியாளை ஏற்கிறார், குழந்தைக்குப் பெயரிடுகிறார், இரவோடிரவாகக் குடும்பத்தை எகிப்துக்குக் கொண்டு செல்கிறார், திரும்பும்போது யூதேயாவில் ஆபத்தை உணர்ந்து நாசரேத்தில் குடியமர்த்துகிறார். பிரதாபன் பேசுகிறான், முடிவு செய்வதில்லை. சூசையப்பர் முடிவு செய்கிறார், பேசுவதில்லை.

இங்கே ஒரு தடை எழலாம். சூசையப்பர் மனைவியைக் கலந்தார் என்று மத்தேயு எழுதவில்லையே. அதுவும் ஆணின் தனியாட்சி ஆகாதா? தடை நியாயமானதே. ஆனால் லூக்காவைப் படித்தால், வானதூதர் செய்தி கொணர்வது மரியாளிடம். இசைவு தருபவளும் அவளே. ஒரு நூலில் இறைவாக்கு மனைவிக்கு வருகிறது. மற்றதில் கணவனுக்கு வருகிறது. இரண்டையும் ஒருங்கே கற்பவருக்குத்தான் குடும்பம் முழுதாகத் தெரியும். பன்னிரண்டு வயதுச் சிறுவனைக் கோவிலில் கண்டபோது பேசுபவள் தாய். எனினும் தந்தையையும் சேர்த்தே, இருவரும் கலங்கித் தேடியதாகச் சொல்கிறாள். சொல் ஒருவருடையது; தேடல் இருவருடையது.

பவுலடியாரின் எபேசியர் நிருபத்தைக் காட்டித் தலைமை பேசுவாரும் நின்று நோக்குதல் வேண்டும். கணவனைத் தலை என்பதற்குச் சற்று முன்னரே ஒருவருக்கொருவர் பணிந்திருக்குமாறு அந்நிருபம் கூறுகிறது. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்திலோ, தம்பதியர் பிரிந்திருப்பதும் இருவர் இசைவாலேயே ஆகவேண்டும் என்கிறார் அவர்.

நாட்டின் சட்டமும் அத்திசையிலேயே நடந்துள்ளது. முஸ்லிம் அல்லாதார்க்கான 1976ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் 1982 மார்ச்சு முதல் நாள் நடைமுறைக்கு வந்து ஒருதார மணத்தை உறுதி செய்தது. 1961ஆம் ஆண்டின் பிள்ளைகள் பாதுகாவல் சட்டம் 1999இல் திருத்தப்பெற்று, பிள்ளை வளர்ப்பில் தாய்க்கும் தந்தைக்கும் சமவுரிமை வழங்கிற்று. சட்டம் தாய்க்கு உரிமையைத் தரலாம். தந்தையைக் கொணர்ந்து அவள் அருகே அமர்த்திக் கலந்து பேசச் செய்ய அதனால் இயலாது.

ஞானாம்பாளின் பெருமையை மாணவர்க்குச் சொல்லும் ஆசிரியர், கூடவே மற்றொரு வினாவையும் கேட்பாராக: விக்கிரமபுரியின் அரசு முடிந்து வீடு திரும்பிய பின், பிரதாபன் எந்த முடிவில் எவ்வளவு பங்கு ஏற்றான்? விடையை நூலில் தேடும் மாணவன், நாளைத் தன் இல்லத்திலும் அதனைத் தேடுவான்.