மைதானத்து இசையும் மக்கள் மொழியும் – ஒரு நோக்கு

சர்வதேச விளையாட்டு விழாக்களுக்கென இயற்றப்படும் தொனிப்பொருட் பாடல்கள் விமர்சனத்தின் எல்லைக்கு அப்பாற்பட்டவை எனக் கருதுவோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. ஒரு பாடல் யாரை விளித்துப் பாடுகிறது என்னும் வினா கவிதைக்குப் பொருந்துவது போலவே இவற்றுக்கும் பொருந்தும்.

1896 இல் ஏதென்சில், கோஸ்டிஸ் பலமாஸ் என்னும் கவிஞர் எழுதி ஸ்பிரிடன் சமராஸ் இசையமைத்த ஒலிம்பிக் கீதம் முதன்முதலாகப் பாடப்பட்டது. அது பண்டைய கிரேக்கத்தின் பெயரால் சகல தேசத்தாரையும் விளித்தது. தொலைக்காட்சியின் காலத்திலோ விளிக்கப்படுபவன் பார்வையாளன், அவனே நுகர்வோனுமாவான். 2010 உதைபந்தாட்ட உலகக் கிண்ணத்துக்காக ஷகிரா பாடிய 'வக்கா வக்கா'வின் பல்லவி, கமரூனின் கோல்டன் சவுண்ட்ஸ் குழு 1986 இல் வெளியிட்ட பாடலிலிருந்து எடுக்கப்பட்டதாகும். மக்களிடையே வழங்கிய மெட்டு, சந்தைப் பண்டமாகி மக்களிடமே திரும்பி வந்தமைக்கு இது தக்க சான்று.

நமக்கு அண்மையான உதாரணம் 2011 கிரிக்கெட் உலகக் கிண்ணமாகும். இந்தியா, இலங்கை, வங்காளதேசம் ஆகிய மூன்று நாடுகளும் இணைந்து நடத்திய அவ்விழாவின் உத்தியோகபூர்வப் பாடலான 'தே குமாகே'யை சங்கர்–எசான்–லோய் மூவர் அமைத்தனர். இந்தியத் தாளக்கட்டுகளோடு ரொக், ஹிப்ஹொப் கூறுகளும் இணைந்த அவ்விசையின் வேகத்தை நாம் மறுக்கவில்லை. ஆயின் அது இந்தி, வங்காளம், சிங்களம் ஆகிய மும்மொழிகளிலேயே வெளிவந்தது. விழாவை நடத்திய நாடுகளுள் இரண்டில் வழங்கும் தமிழ் அதில் இடம்பெறவில்லை. ஆற்றலின்மை இதற்குக் காரணமாகாது. மூவருள் ஒருவரான சங்கர் மகாதேவன் தமிழ்த் திரைப்பாடலுக்காகத் தேசிய விருது பெற்றவர். சென்னை சேப்பாக்கத்திலும் ஆட்டங்கள் நடைபெற்றன. இலங்கையிலோ 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தத்தின்படி தமிழும் அரசகரும மொழியாகும்.

இதனை அக்குறணையிலிருந்து நோக்குதல் பயனுடைத்து. கண்டி–மாத்தளை வீதியிலுள்ள இவ்வூர், தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம்கள் செறிந்து வாழும் ஊர். இங்கிருந்து அதிக தொலைவிலில்லாத பல்லேகலை மைதானத்தில் 2011 மார்ச் 10 அன்று இலங்கை அணி சிம்பாப்வேயை எதிர்கொண்டது. கண்டியில் பிறந்த தமிழரான முத்தையா முரளிதரனுக்கு அதுவே இறுதி உலகக் கிண்ணத் தொடர். அவர் பந்து வீசலாம். அவர் மொழி பாடலில் ஒலிக்காது என்னும் முரண்பாடு மனங்கொள்ளத்தக்கது. அக்குறணையார் சிங்களமும் அறிவர், ஆதலால் குறையில்லை என வாதிப்போர் உளர். பிறர் மொழியை அறிந்திருப்பது ஒருவரின் பண்பு. அப்பண்பைக் காரணங்காட்டி அவர்தம் மொழியை விலக்குவது நீதியாகாது.

எனினும், நான்காவதாக ஒரு தமிழ்ப் பாடல் வெளிவந்திருப்பின் யாவும் சீராகியிருக்கும் என நாம் கூறவில்லை. மேலிருந்து வழங்கப்படும் மொழிபெயர்ப்பு சலுகையேயன்றிப் பங்கேற்பாகாது. பங்கேற்பின் வடிவத்தை நமது மைதானங்களின் பப்பரே வாத்தியத்திற் காண்கிறோம். பாடசாலைகளுக்கிடையிலான கிரிக்கெட் போட்டிகளில் வளர்ந்து, பைலா மெட்டுகளையும் திரைமெட்டுகளையும் ஊதுகுழலாலும் முரசாலும் முழக்கும் அவ்விசைக்குச் சொற்கள் தேவையில்லை. எனவே அது எவரையும் விலக்குவதுமில்லை. 2007 இல் மேற்கிந்தியத் தீவுகளில் உலகக் கிண்ணம் நடைபெற்றபோது, இரசிகர் இசைக்கருவி கொண்டுவருவதற்கு விதிக்கப்பட்ட கட்டுப்பாடுகள் கடுங் கண்டனத்துக்குள்ளாகின. ஒலிபெருக்கிக்கும் பார்வையாளர் வரிசைக்கும் இடையிலுள்ள முரண் அங்கு வெளிப்பட்டது.

ஆகவே நம் கோரிக்கை இரண்டு: சொல்லால் விளிக்கும் பாடல், மண்ணில் வாழும் மொழிகள் யாவற்றாலும் விளித்தல் வேண்டும், மக்கள் தாமே எழுப்பும் இசைக்கு மைதானத்தின் வாயில் திறந்திருத்தல் வேண்டும்.